விழப்போகிற பல்தானே?

கேள்வி: ஐந்து வயது மகளுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. "விழப்போற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?" என்கிறார் மாமியார். மதுரைக்கு அழைத்து வரவா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: இந்த வாரமே பஸ் ஏறுங்கள் அம்மா. பால் பற்கள் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். கடைவாய்ப் பல்லோ 10, 12 வயது வரை இருக்க வேண்டியது. அதன் எனாமல் (பல்லின் கடினமான மேலுறை) நிரந்தரப் பல்லில் இருப்பதில் பாதி கனம்தான் இருக்கும். உள்ளே நரம்பு இருக்கும் அறையோ பெரிது. அதனால் சொத்தை சீக்கிரமே நரம்பைத் தொட்டுவிடும். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், 6 வயதில் பின்னால் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் முன்னே சரிந்து, அடியில் வளரும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். (இந்த 6 வயதுப் பல்லையும் பால் பல் என்று நினைத்துப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.) மாமியாரையும் கூட்டி வாருங்கள், அடியில் வளரும் பல்லை எக்ஸ்ரேயில் காட்டுகிறேன்.