எஸ்பொசித்தோ எல்லாரும் ஒரே வம்சமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என் கணவர் இத்தாலிய வம்சாவளி, குடும்பப் பெயர் எஸ்பொசித்தோ. அவருடைய கொள்ளுத்தாத்தா 1912இல் நேப்பிள்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர். மார்கரீட்டா பீட்சா செய்த ரஃபாயேலே எஸ்பொசித்தோ நம்ம வம்சம்தான் என்று மாமனார் பெருமையாகச் சொல்வார். இணையத்தில் 'எஸ்பொசித்தோ குலச்சின்னம்' என்று ஒன்றை வாங்கி ஹாலில் மாட்டியும் இருக்கிறார். மகளுக்காக முறையாக ஒரு வம்சாவளி தயாரிக்க ஆசை. எங்கே தொடங்குவது? இத்தாலியக் குடியுரிமைக்கு இது உதவுமா?

பதில்: குலச்சின்னத்தை அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியதே தவிர, ஒரு பெயரைத் தாங்கிய அத்தனை பேருக்கும் உரியதல்ல. அதிலும் எஸ்பொசித்தோ என்ற பெயருக்கு ஒரே மூலக் குடும்பம் இருக்கவே வழியில்லை. 'வெளியே விடப்பட்டவர்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வைக்கப்பட்டது. நேப்பிள்ஸில் இன்று மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர் இதுதான். பீட்சாக்காரர் உறவாக இருக்கலாம். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

இந்தப் பெயரின் பெரும் ஊற்று நேப்பிள்ஸின் சாந்திசிமா அன்னுன்சியாத்தா என்ற தேவாலயமும் அதை ஒட்டிய விடுதியும். அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு. உள்ளே சுழலும் மர உருளை. வெளியிலிருந்து குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. 1875இல் மூடப்பட்ட அந்தச் சுழலியை இப்போதும் போய்ப் பார்க்கலாம். அங்கே வளர்ந்தவர்களை ஊர் 'மாதாவின் பிள்ளைகள்' என்றது. கல்யாணம் ஆகாமல் பிறந்த குழந்தைகள் மட்டும்தான் அங்கே வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். வறுமை தாங்காமல் விட்டுப்போன தம்பதிகளும் உண்டு, பிறகு திரும்பி வந்து கேட்டு வாங்கிப் போனவர்களும் உண்டு.

குழந்தைகள் விடுதிக்குள்ளேயே வளர்ந்துவிடவில்லை. பலரைப் பாலூட்டும் பெண்களிடம் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலர் அங்கேயே வேரூன்றினார்கள். நேப்பிள்ஸைச் சுற்றியுள்ள காம்பானியா மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களிலும் இந்தப் பெயர் இருப்பதற்கு இது ஒரு காரணம். அந்த ஊர்களிலேயே கண்டெடுக்கப்பட்ட குழந்தைகள் இன்னொரு காரணம். மற்றப் பகுதிகளில் வேறு பெயர்கள் வைத்தார்கள்: ஃபுளோரன்ஸில் இன்னொச்சென்தி, ரோமைச் சுற்றி ப்ரொயெத்தி, மிலானில் கொலொம்போ. இதில் கொலொம்போவைப் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மிலானின் பெரிய மருத்துவமனை தன் சின்னமான புறாவை வைத்து அந்தப் பெயரை வழங்கியது உண்மை. ஆனால் அதற்கு முன்பே கொலொம்போக்கள் இருந்தார்கள். கொலம்பஸே சாட்சி, இத்தாலிய மொழியில் அவர் பெயர் கொலொம்போதான்.

உங்கள் தேடலுக்கு முக்கியமான திருப்பம் நெப்போலியன் காலத்தில் வருகிறது. நெப்போலியனின் மைத்துனர் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் அரசர். பெயரைக் கேட்டதுமே பிறப்பு அம்பலமாகிறதே என்று, கண்டெடுத்த குழந்தைகளுக்கு எஸ்பொசித்தோ எனப் பெயர் வைப்பதை அவருடைய ஆட்சியில் தடை செய்தார்கள். அதன் பிறகு அதிகாரிகள் ஆளுக்கொரு பெயரைப் புதிதாகப் புனைந்தார்கள். ஆகவே உங்கள் கணவரின் தந்தைவழியில் முதல் எஸ்பொசித்தோ பெரும்பாலும் 1800களின் தொடக்கத்துக்கு முன்பே பிறந்திருப்பார். தந்தைவழி என்று அழுத்திச் சொல்கிறேன். விடப்பட்ட பெண் குழந்தைகளின் வாரிசுகளுக்குக் கணவரின் பெயர்தான் போனது.

இனி தேடும் வழி. முதலில் சரியான ஊரைக் கண்டுபிடியுங்கள். 'நேப்பிள்ஸ்' என்று குடும்பத்தில் சொல்வது பல சமயம் கப்பலேறிய துறைமுகம், அல்லது மாகாணத்தின் பெயர். 1912 பயணியர் பட்டியலில் பிறந்த ஊருக்கும், சொந்த நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயர், முகவரிக்கும் பத்திகள் இருக்கும். நியூயார்க் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களைச் சரிபார்த்த எல்லிஸ் தீவு அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்ற கதையை நம்பித் தேடலைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கிருந்தவர்கள் கப்பல் நிறுவனம் எழுதிக் கொண்டுவந்த பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். கொள்ளுத்தாத்தா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய கோப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

ஊர் தெரிந்ததும் இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அந்தெனாத்தி' தளத்துக்குப் போங்கள். கட்டணம் இல்லை. நேப்பிள்ஸ் அரசில் சிவில் பதிவு, அதாவது பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவது, 1809இல் தொடங்கியது. நேப்பிள்ஸ் நகரமே என்றால் பதிவேடுகள் சான் லோரென்ஸோ, மெர்காத்தோ, ஸ்தெல்லா எனப் பேட்டைவாரியாகப் பிரிந்திருக்கும். ஒரே பேட்டையில் ஒரே ஆண்டில் இரண்டு ஜுசெப்பே எஸ்பொசித்தோ பிறந்திருப்பார்கள், தலை சுற்றும். அப்போது தாயின் பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தாலிய ஆவணங்களில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

பலரும் தவறவிடுவது திருமணத்தின் இணைப்புக் கட்டு. 'ப்ரொசெஸ்ஸெத்தி' என்பார்கள். மணமக்களின் பிறப்பு அல்லது ஞானஸ்நானச் சான்று, பெற்றோர் இறந்திருந்தால் அவர்களின் இறப்புச் சான்று, தந்தை இல்லையென்றால் தாத்தாவின் இறப்புச் சான்று எல்லாம் அதில் இருக்கும். 1820இல் ஒருவர் கல்யாணம் செய்திருந்தால், சிவில் பதிவே இல்லாத 1795இல் நடந்த அவருடைய ஞானஸ்நானத்தின் நகல் அந்தக் கட்டில் கிடைக்கலாம். விடப்பட்ட குழந்தை என்ற விவரம் பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

அதற்கு மேல் அன்னுன்சியாத்தாவின் சொந்தப் பதிவேடுகள்தான். அங்கே பெற்றோர் பெயரைத் தேடிப் போகாதீர்கள். இத்தகைய பதிவுகளில் குழந்தை வந்த நாள், நேரம், உத்தேச வயது, சுற்றியிருந்த துணி, கூட வைத்திருந்த அடையாளம் போன்றவைதான் இருக்கும். பின்னாளில் தேடி வந்தால் அடையாளம் காட்ட உதவும் என்று, பாதியாக வெட்டிய பதக்கத்தைச் சிலர் குழந்தையோடு வைத்தார்கள். ஃபுளோரன்ஸில் இதேபோன்ற குழந்தைகள் விடுதியாக இருந்த இன்னொச்சென்தியின் அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட பாதிகள் காட்சிக்கு இருக்கின்றன. மகளின் வரைபடத்தில் அந்தக் கிளையை அங்கேயே நிறுத்தி, பதிவில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

குடியுரிமை விஷயத்தில் நம்பிக்கை குறைவு. 2025 மார்ச்சில் இத்தாலி விதிகளை இறுக்கிவிட்டது. வெளிநாட்டில் பிறந்தவருக்குப் பொதுவாகத் தாய், தந்தை, தாத்தா, பாட்டி வரைதான் கணக்கு. அவருக்கும் இத்தாலியக் குடியுரிமை மட்டுமே இருந்திருக்க வேண்டும். கொள்ளுத்தாத்தாவை மட்டும் காட்டிப் புதிதாக விண்ணப்பிக்க இப்போது வழியில்லை. கணவரின் தாய்வழித் தாத்தா பாட்டியும் இத்தாலியர் என்றால் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.