உளப்பகுப்பாய்வும் நம் அரசியலும்: கேள்வி பதில்

வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு, உளவியல் கற்பிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார். நாம் அறியாமலே மனத்தில் இயங்கும் ஆசைகளையும் அச்சங்களையும் ஆராய்வது உளப்பகுப்பாய்வு. அதை உருவாக்கியவர் மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்டு.

காட்பாடி வாசகர்: தலைவரை நேரில் பார்த்தே இராத ஒருவர், கடன் வாங்கி அவருக்குப் பேனர் வைக்கிறார். ஃப்ராய்டிடம் இதற்கு விளக்கம் உண்டா?

பதில்: உண்டு. 1921இல் கூட்ட உளவியல் பற்றி அவர் எழுதிய நூலின் மையமே அதுதான். 'நான் இப்படி இருக்க வேண்டும்' என்று மனத்தில் வைத்திருக்கும் இலட்சிய உருவின் இடத்தில் பலரும் ஒரே தலைவரை அமர்த்திவிடுகிறார்கள் என்றும், அதனாலேயே ஒருவரில் ஒருவர் தம்மைக் காணத் தொடங்குகிறார்கள் என்றும் அவர் விளக்கினார். வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் போகும்போது பாருங்கள்: பேனரில் தலைவர் பெரிதாகச் சிரிக்க, பணம் போட்டவர்களின் முகங்கள் கீழே வரிசையாக நிற்கும். ஃப்ராய்டு சொன்ன இரண்டு பிணைப்புகளும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் கண்ட தலைவர், எல்லாரையும் சமமாக நேசிக்கும் தந்தை. அண்ணாவோ 'தம்பிக்கு' என்றும், கலைஞர் 'உடன்பிறப்பே' என்றும் எழுதினார்கள், எம்.ஜி.ஆர். தொண்டர்களை 'ரத்தத்தின் ரத்தமே' என்றார். அண்ணன் ஒருவர் தந்தையின் இடத்தில் அமர்வதை ஃப்ராய்டின் சட்டகம் முழுமையாக விளக்கவில்லை என்பது என் கருத்து.

குடியாத்தம் வாசகர்: 2019இல் நம் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ஒரே மாதிரி வாழும் பக்கத்து ஊர்க்காரர்கள் முறைத்துக்கொண்டது ஏன்?

பதில்: ஸ்பானியரும் போர்த்துகீசியரும்போல அண்டை மக்களே ஒருவரையொருவர் இகழ்வதை, சிறு வேறுபாடுகளின் தற்காதல் என்றார் ஃப்ராய்டு. எனினும் கலெக்டர் ஆபீஸ் எந்த ஊரில் அமைகிறது என்பதில் பஸ் செலவும் நிலத்தின் விலையும் அடங்கியிருப்பதால், எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிட முடியாது. சாதி மோதல்களுக்கு இந்த விளக்கத்தை நீட்டுவது பெரும் பிழை. அங்கே வேறுபாடு சிறியதன்று, அது அதிகாரம்.

ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஊழியர்: தன் கூலிக்கே கேடு செய்யும் கட்சிக்குத் தொழிலாளி ஏன் ஓட்டுப் போடுகிறான்?

பதில்: 1933இல் ஃப்ராய்டின் வழிவந்த உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ரைக் கேட்டதும் இதைத்தான். குடும்பத்தின் பாலியல் அடக்குமுறை பிள்ளையை அதிகாரத்துக்கு அடங்கப் பழக்குகிறது என்றார். கம்யூனிஸ்டுகளும் அவரை விலக்கினார்கள், 1934இல் பன்னாட்டு உளப்பகுப்பாய்வுச் சங்கமும் விலக்கியது. பதில் அரைகுறைதான், கேள்வி இன்னும் நிற்கிறது.

சத்துவாச்சாரி வாசகர்: பேச்சை மட்டும் கேட்டு, ஒரு தலைவருக்கு இன்ன மனநோய் என்று கூறலாமா?

பதில்: கூடாது. 1964இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டர் மனநல அடிப்படையில் அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்கள் ஓர் இதழுக்குக் கருத்துச் சொன்னார்கள். கோல்ட்வாட்டர் அந்த இதழின் மீது வழக்குத் தொடர்ந்து இழப்பீடு பெற்றார். தாம் பரிசோதிக்காத பிரமுகரைப் பற்றி மருத்துவர்கள் அப்படிச் சொல்வதை அவர்களுடைய சங்கமே 1973இல் தடை செய்தது. தலைவரைவிட, அவரை நம்பும் நம்மை ஆராயவே உளப்பகுப்பாய்வு உதவும்.