உடம்பைக் கெடுக்காமல் இனிப்பு ஆசையைத் தீர்த்துக்கொள்வது எப்படி? சர்க்கரைக்குப் பதில் வெல்லமா, தேனா, ஸ்டீவியாவா?

தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரைக்குப் பதில் எதைப் போடுவது என்பதைவிட, எங்கே, எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் பெரிய விஷயம். எனக்கும் இனிப்பு இல்லாமல் முடியாது, விடும் எண்ணமும் இல்லை. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம் எங்களுடையது. இப்போது இருப்பது வேலூரில். அதனால் வெல்லத்தில் இருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் ஆட்களுக்கே கொஞ்சம் கோபம் வரும், பரவாயில்லை.

வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். மேலே நுரையோடு திரளும் அழுக்கை வழித்து எடுப்பார்கள். தண்ணீர் வற்ற வற்றப் பாகு கெட்டியாகும், அதைக் கொட்டி ஆறவைத்து உருட்டுவார்கள். ஆலைச் சர்க்கரையில் பிரித்து எடுத்துவிடும் மொலாசஸ் என்ற கரும்பாகு இதில் அப்படியே தங்குகிறது. நிறம், மணம், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் பொட்டாசியம் எல்லாம் அதில் இருந்து வருவதுதான். 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380 கலோரி, சர்க்கரையில் 390க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இரும்புச்சத்துக்காக வெல்லம் சாப்பிடுகிறேன் என்றால், அந்தச் சத்து கணிசமாகச் சேரும் முன்பே சர்க்கரை அளவு தாண்டிவிடும். முருங்கைக் கீரை சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

என் மாமனாருக்கு சுகர். வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தபிறகு அவர் வெல்லக் காபிக்கு மாறினார். முன்பு ஒரு டம்ளர், பிறகு இரண்டு. கேட்டால், "வெல்லம்தானே மாப்பிள்ளை, சர்க்கரை இல்லையே" என்பார். அடுத்த பரிசோதனையில் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருந்தது. டாக்டர் திட்டியது வெல்லத்தை இல்லை, அந்த இரண்டாவது டம்ளரை. நல்லது என்று ஒரு பொருளுக்குப் பெயர் வந்துவிட்டால் கை தாராளமாகிவிடுகிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சம்பழச் சிரப் எல்லாவற்றிலும் இதே கதை நடக்கிறது.

இவ்வளவு சொன்னாலும் என் வீட்டில் இருப்பது வெல்லம்தான். காரணம் ருசி. பாசிப்பருப்புப் பாயசத்துக்குச் சர்க்கரை போட்டால் எனக்கு அது பாயசமே இல்லை. வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். வேலூர் மண்டித் தெருவில் நின்று பார்த்தால் தெரியும், வாங்குகிறவர் கை தானாகப் பளிச்சென்ற மஞ்சள் உருண்டைக்குத்தான் போகும். அந்தப் பளிச்சுக்காகவே பாகில் ஹைட்ரோஸ் என்ற வெளுப்புப் பொடியைச் சிலர் சேர்க்கிறார்கள். அதனால் வெல்லத்தில் கந்தகம் தங்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வெண்டைச் செடியின் தண்டை இடித்து ஊறவைத்த வழவழப்பான தண்ணீரை ஊற்றி அழுக்கெடுப்பது பழைய முறை. அப்படிக் காய்ச்சினால் நிறம் மட்டாகத்தான் இருக்கும். பழுப்பு உருண்டையைக் கேட்டு வாங்குங்கள்.

தேனுக்கு வருவோம். ஜவ்வாது மலைத் தேன் என்றால் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் ஒரு சின்ன ஸ்பூன் சர்க்கரை சுமார் 4 கிராம். அதே ஸ்பூன் நிறையத் தேன் 7 கிராம். எடைக்கு எடை பார்த்தால் தேனில் கலோரி குறைவு, ஸ்பூனுக்கு ஸ்பூன் பார்த்தால் அதிகம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைக் கொண்டுவரும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். பெரியவர்கள் பெயர் சூட்டும் நாளில் தேன் கிண்ணத்தோடு வருவார்கள், மரியாதையாகத் தடுத்துவிடுங்கள்.

சரி, எவ்வளவு சாப்பிடலாம்? நாம் சேர்க்கிற சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை எல்லாம் சேர்த்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், 25 கிராம். இப்போது டீயை எண்ணிப் பாருங்கள். நாளுக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். 32 கிராம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு இனிப்புகூட வாயில் வைக்கவில்லை. வெயிலுக்கு 250 மில்லி கோலா ஒன்று குடித்தால் அதில் இன்னொரு 26 கிராம். வேலூர் வெயிலில் ஒன்றோடு யார் நிறுத்துகிறார்கள்?

என் வழி இதுதான்: ருசிக்காமலே உள்ளே போகிற சர்க்கரையை வெட்டு, ருசித்துச் சாப்பிடுகிற இனிப்பை வைத்துக்கொள். டீயில் இருக்கும் சர்க்கரையை யாரும் கண்மூடி ரசிப்பதில்லை, பழக்கத்தில் குடிக்கிறோம். பிஸ்கட், பாக்கெட் ஜூஸ், சாஸ், காலையில் பாலில் கலக்கும் சத்து மாவு, எல்லாவற்றிலும் அப்படித்தான். டப்பாவின் பின்பக்கம் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், அந்த வரியைப் பாருங்கள்.

டீயில் ஒரே நாளில் நிறுத்தினால் நாக்கு சண்டை போடும். கால் ஸ்பூன் கால் ஸ்பூனாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு இறங்கி வந்துவிடும். பிறகு பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும். கடையில் "சக்கரை கம்மியா" என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மாஸ்டர் கை அவர் கணக்குப்படிதான் போடும். "சக்கரை இல்லாம குடுங்கண்ணா, நானே போட்டுக்கறேன்" என்று சொல்லுங்கள். ஏலக்காய், இஞ்சி தட்டிப் போட்ட டீயாக இருந்தால் சர்க்கரை குறைந்ததே பாதி தெரியாது.

இப்படி மிச்சம் பிடித்ததைத்தான் ஆற்காடு மக்கன் பேடாவில் செலவழிக்கிறேன். தெரியாதவர்களுக்கு: பார்த்தால் தட்டையான பெரிய குலாப் ஜாமூன், பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில் செய்து, நடுவில் முந்திரி, பாதாம் எல்லாம் பொடியாக நறுக்கி வைத்து, பொரித்து, பாகில் ஊறவைப்பது. ஸ்பூனை வைத்தாலே விண்டுவிடும். உடம்புக்கு நல்லது என்று இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆனால் சாப்பிடும் விதம் இருக்கிறது. பாகை வடித்துவிட்டு எடுங்கள், கிண்ணத்தில் நிற்கும் பாகைக் குடிக்காதீர்கள். பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், காய், பருப்பு, முட்டை என்று சாப்பிட்டு முடித்தபிறகு வைத்துக்கொண்டால் ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. முடித்துவிட்டுக் கால் மணி நேரம் நடந்தால் இன்னும் நல்லது. நான் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று போய் வருவேன். கைப்பேசி பார்த்துக்கொண்டே சாப்பிடுவது மட்டும் வேண்டாம், முழுதாகத் தின்றும் தின்ற மாதிரியே இருக்காது.

தினசரி ஆசைக்கு எங்கள் பக்கத்துத் தீர்வு, ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் சுண்டைக்காய் அளவு வெல்லமும். கடலையின் புரதமும் கொழுப்பும் பசியை அடக்கும், வெல்லம் நாக்கைச் சமாதானம் செய்யும். வெயில் காலத்தில் நுங்கு, மற்ற நாளில் கொய்யா, பப்பாளி. பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள், பிழிந்து குடித்தால் நார் போய்விடும். பேரீச்சை நல்லதுதான், ஆனால் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. இரண்டோடு டப்பாவை மூடுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்ட ஸ்டீவியாவும் (ஒரு செடியின் இலையில் இருந்து எடுக்கும் இனிப்பு) சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பு மாத்திரைகளும். அளவோடு எடுத்தால் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பது உண்மை. சுகர் உள்ளவர்களுக்குக் காபி, டீயில் உதவும். இந்த மாத்திரைகளில் வரும் அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பூட்டி சூட்டில் சிதைந்து இனிப்பு போய்விடும், அதைக் கொதிக்கும் பாயசத்தில் போட்டுப் பிரயோஜனம் இல்லை. சுக்ரலோஸ் என்ற இன்னொன்று அதைவிடச் சூடு தாங்கும். ஸ்டீவியாவில் கடைசியில் ஒரு கசப்பு நிற்கும். எனக்குப் பிடிக்கவில்லை, என் மனைவிக்குத் தெரிவதே இல்லை. ஸ்டீவியா என்று எழுதிய பொடியில் பெரும்பகுதி எரித்ரிட்டால் என்ற வேறொரு இனிப்பூட்டியோ, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடியோ இருக்கலாம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் ரத்தச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றும். 'சர்க்கரை இல்லாத' மிட்டாய், சாக்லெட்டில் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாலைந்து தின்றதும் வயிறு கலக்கும்.

அஸ்பார்ட்டேம் புற்றுநோய் தரும் என்ற வாட்ஸப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். 2023இல் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை அதை 'வாய்ப்பு இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் வைத்தது. சான்று உறுதியாக இல்லாதவற்றுக்கான பிரிவு அது. அதே சமயம், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பு மாறவில்லை. 70 கிலோ ஆள் அதைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் பானமாவது குடிக்க வேண்டும். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமைத் தொடவே கூடாது. ஆனால் எடை குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே அதே ஆண்டு சொன்னது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. சுகர் இல்லை என்றால் மாத்திரை வாங்கும் காசுக்கு நல்ல கொய்யா வாங்குங்கள். குழந்தைகளுக்கு இதைப் பழக்கவே வேண்டாம்.

வீட்டில் சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இருந்தால் சர்க்கரை டப்பாவை முழுதாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிவிட்டால் தண்ணீரில் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரை கலந்து உடனே கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் இனிப்பு மாத்திரை உதவாது. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சேர்ந்திருந்தால் சர்க்கரைகூட மெதுவாகத்தான் வேலை செய்யும், ஏனென்றால் அந்த மருந்து சர்க்கரை உடைவதையே தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பொடியைக் கையில் வைத்திருப்பது நல்லது, மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.