அச்சு மையிலுள்ள எண்ணெய்க்கு வயதாகும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எண்ணெய் கலந்த அச்சு மை எப்படிக் காய்கிறது?

பதில்: ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிச் செய்த மை, தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை உள்வாங்கி இறுகுவதால் முதலில் அதன் எடை கூடவே செய்கிறது. அவ்வெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் லினோலெனிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்புகளுக்கு அருகே ஆக்சிஜன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகள் என்னும் நிலையற்ற சேர்மங்கள் உருவாகின்றன. அவை உடையும்போது பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான படலமாகின்றன. மையில் கோபால்ட், மாங்கனீசு உப்புகளைச் சேர்ப்பது இந்த உடைவை விரைவுபடுத்தத்தான். தாள் தொடுவதற்குக் காய்ந்த பின்னும் இவ்வினை நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொடர்ந்து, படலத்தை மஞ்சளாக்கி, நொறுங்கும் தன்மையுடையதாகவும் மாற்றுகிறது.

கேள்வி: பழைய நூலொன்றில் படத்தின் எதிர்ப்பக்கத்தில் அதே படம் மங்கலான பழுப்பு நிறத்தில் தெரிகிறது. ஈர மை ஒட்டியதா?

பதில்: ஈர மை ஒட்டியிருந்தால் அந்தத் தடம் மையின் நிறத்திலேயே இருக்கும். பழுப்பு உருவம் வேறு வகையைச் சேர்ந்தது. எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும்போது பிரியும் ஆல்டிஹைடுகளும் அமிலங்களும் பெராக்சைடுகளும் எதிர்த்தாளுக்குப் பரவி, அதன் இழைகளிலுள்ள செல்லுலோஸைச் சிதைத்து நிறமாற்றுகின்றன. பழைய அச்சின் வாசனையிலும் இந்த ஆல்டிஹைடுகளுக்குப் பங்குண்டு. வெளுப்பான்களால் அந்தக் கறையை நீக்க முயலாதீர்கள். ஏற்கெனவே நலிந்த தாள் மேலும் நலியும். அமிலமற்ற தாளை இடையில் வைத்து, நூலைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது.

கேள்வி: எண்ணெய் பழுத்தால் கறுப்பு எழுத்தும் மங்குமா?

பதில்: மங்காது, கறுப்பு மைக்கு நிறம் தரும் கரித்தூள் ஒளியாலோ ஆக்சிஜனாலோ சாதாரணச் சூழலில் கெடுவதில்லை. 1450களில் குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்தின் எழுத்துகள் இன்றும் ஆழ்ந்த கறுப்பாகவே இருக்கின்றன.

கேள்வி: செய்தித்தாள் மை மட்டும் ஏன் விரலில் ஒட்டுகிறது?

பதில்: அதில் பெரும்பாலும் கனிம எண்ணெய் இருக்கும். அது ஆக்சிஜனால் படலமாவதில்லை, தாளுக்குள் ஊறிப்போகிறது. மேலே தங்கிய கரித்தூளைப் பிடித்துவைக்க வலுவான படலம் எதுவும் இல்லை. சில செய்தித்தாள் மைகளில் கனிம எண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கப்படும் சோயா எண்ணெயில் லினோலெனிக் அமிலம் குறைவு என்பதால் அதுவும் மெதுவாகவே இறுகும். செய்தித்தாள் மஞ்சளாவதற்கு முதன்மைக் காரணம் மையன்று, தாளிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள்.

கேள்வி: டப்பாவில் மையின் மேல் ஏடு படிந்துவிட்டது. கலக்கிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அந்த ஏடு ஏற்கெனவே இறுகிய எண்ணெய்; மீண்டும் கரையாது, அச்சில் துணுக்குகளாக விழும். அதை முழுதாக எடுத்துவிட்டு, எஞ்சிய மையின் மேல் காற்றுப் புகாதபடி தாளைப் படியவைத்து மூடுங்கள். இதைவிட முக்கியமானது, ஆளிவிதை எண்ணெய் மையைத் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல் இருப்பது. அதே ஆக்சிஜனேற்றம் வெளியிடும் வெப்பம் குவியலுக்குள் தேங்கி, தீப்பொறி எதுவுமின்றியே துணி பற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே அவற்றைத் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள உலோகக் கலத்தில் போட்டுவிடுங்கள்.