இறகு கொட்டுகிறது, முட்டை நின்றுவிட்டது: இலையுதிர் காலக் கோழிகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் எட்டுக் கோழிகள் வளர்க்கிறோம். கோடை முழுக்க தினமும் ஆறேழு முட்டை கிடைத்தது. இலையுதிர் காலம் தொடங்கியதும் மூன்றானது, பிறகு ஒன்றானது, இப்போது பத்து நாளாக ஒன்றுகூட இல்லை. காலையில் கூண்டைத் திறந்தால் தலையணையைக் கிழித்துக் கொட்டினாற்போல இறகு. ஒரு கோழிக்குக் கழுத்தும் முதுகும் மொட்டையாகவே ஆகிவிட்டது. இது சீக்கா? விளக்குப் போட்டால் சரியாகுமா? தோட்டத்தையும் இப்போதுதான் ஒழிக்கிறோம். மீந்த பூசணி, பச்சைத் தக்காளி, உருளைக்கிழங்குச் செடி, காய்ந்த அவரை எல்லாவற்றையும் கோழிகளுக்குப் போடலாமா? அடுத்த வருடமாவது சமையலுக்கு முட்டை தட்டாமல் இருக்க வழி உண்டா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் சீக்கு இல்லை. உங்கள் கோழிகள் பழைய சட்டையைக் கழற்றிப் புதிதாகத் தைத்துக்கொண்டிருக்கின்றன. தையல் முடியும்வரை முட்டை வராது.

கோழிக்கு நாட்காட்டி என்பது பகலின் நீளம்தான். ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் முட்டைப்பை முழு வேகத்தில் வேலை செய்யும். 12 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலான கோழிகள் தளர்ந்துவிடும். இந்த வெளிச்சத்தைக் கோழி கண்ணால் மட்டும் அறிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி உள்ளே போகும் ஒளியை மூளையின் அடிப்பகுதியில் உள்ள செல்களே நேராக உணர்கின்றன. 1930களில் ழாக் பெனுவா என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பார்வை நீக்கிய வாத்துகளிலும் வெளிச்சத்துக்கேற்ப இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதைக் காட்டினார். 50 டிகிரி அட்சரேகையில் கோடை உச்சத்தில் பகல் 16 மணி நேரத்துக்கு மேல், குளிர்காலத்தில் வெறும் 8 மணி நேரம். அங்கே முட்டை நிற்பதில் வியப்பில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் பகல் பெரிதாக மாறாது என்பதால், அங்கே முட்டை அடியோடு நின்றால் தீவனம், ரத்தம் குடிக்கும் செல்பூச்சி, அடைகாக்கும் நிலை, வயது என்று வேறு காரணம் தேட வேண்டும்.

இனி இறகு. இறகில் 85 முதல் 90 சதவீதம் புரதம். ஒரே உடம்பு ஒரே நேரத்தில் முட்டைக்கும் இறகுக்கும் புரதம் தர முடியாது. குளிர் வரும் முன் இறகுதான் அவசரம், அதனால் முட்டை காத்திருக்கிறது. தலையில் தொடங்கி, கழுத்து, மார்பு, உடம்பு, இறக்கை, கடைசியில் வால் என்ற வரிசையில் உதிரும். முழுதும் முடிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். சென்ற வசந்தத்தில் பொரித்த வெடைக்கோழிகள் பெரும்பாலும் முதல் குளிர்காலத்தில் உதிர்க்காமலே முட்டையிடும். முதல் பெரிய உதிர்ப்பு ஒன்றேகால், ஒன்றரை வயதில்தான்.

அந்த மொட்டைக் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. அது பருவத்தின் பிற்பகுதியில் தொடங்கி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தால், கூட்டத்திலேயே நல்ல முட்டைக்கோழி அதுதான் என்று பந்தயம் கட்டலாம். மோசமாக முட்டையிடுபவை கோடையிலேயே தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். அவை அழகாகவே இருக்கும். அசிங்கமாக நிற்கிறதே என்று நல்லதைக் கழித்துவிட்டு, அழகாக இருக்கிறதே என்று சோம்பேறியை வைத்துக்கொள்பவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

இருந்தாலும் ஓர் இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போங்கள். கோழிகள் அமரும் கம்பின் அடியிலும் மரப்பலகை இடுக்கிலும் சிவப்பும் சாம்பலுமாகப் பொடிப் பொடியாக ஏதாவது நகர்கிறதா பாருங்கள். அது சிவப்புச் செல்பூச்சி. பகலில் மரத்தில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். பகலில் மட்டும் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. ஆசனவாயைச் சுற்றி மட்டும் சொட்டையாக இருந்தாலும், இறகின் அடியில் வெள்ளைக் கட்டியாகப் பேன் முட்டை ஒட்டியிருந்தாலும் அது இயல்பான உதிர்ப்பு அல்ல. இயல்பான உதிர்ப்பில் சொட்டையான இடத்தில் முள் போலப் புது இறகு முளைத்துக்கொண்டே வரும். கொண்டை வெளிறிச் சுருங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், முட்டை நின்றால் கொண்டையும் சுருங்கும். தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்பது, மூச்சில் சத்தம், நிறம் மாறிய கழிச்சல், இவற்றில் ஒன்று இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

புது இறகு முளைக்கும்போது அதன் தண்டில் ரத்தம் ஓடும். தொட்டால் வலிக்கும், உடைந்தால் ரத்தம் வரும், ரத்தத்தைப் பார்த்தால் மற்ற கோழிகள் கொத்தத் தொடங்கும். ஆகவே இந்தச் சில வாரங்கள் குழந்தைகள் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்திவையுங்கள்.

தீவனத்தில்தான் உங்கள் கை வேலை செய்ய வேண்டும். வழக்கமான முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16 சதவீதம் அளவில் இருக்கும். இப்போது 18 முதல் 20 சதவீதம் உள்ளதைக் கொடுங்கள், மூட்டையின் சீட்டிலேயே எண் இருக்கும். மருந்து கலந்த குஞ்சுத் தீவனம் மட்டும் வேண்டாம். குளிருக்குச் சூடு தரும் என்று இந்தப் பருவத்தில் மக்காச்சோளத்தை அள்ளி வீசுவார்கள். அதில் புரதம் 8, 9 சதவீதம்தான். வயிறு நிறையும், இறகு வளராது. சோளம், சமையலறை மிச்சம், தோட்டத்துக் காய் எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை ஓட்டுக்கான கிளிஞ்சலைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைத்தால், வேண்டியது தானே எடுத்துக்கொள்ளும்.

விளக்கு? போட்டால் முட்டை வரும், பொய்யில்லை. ஆனால் விற்பனைக்கு வளர்க்காத வீட்டில், உதிர்ப்பின் நடுவில் விளக்குப் போட்டு முட்டை பிடுங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த ஓய்வு அவற்றுக்கு வேண்டும். அப்படியும் போட்டே ஆக வேண்டுமென்றால் இறகு முழுதாக முளைத்த பிறகு, டைமர் வைத்து, விடியலுக்கு முன் எரியும்படி செய்யுங்கள். மாலையில் கூட்டினால், விளக்கு சட்டென்று அணையும்போது கம்பில் ஏறாத கோழி இருட்டில் தரையில் தவிக்கும். சிறிய எல்இடி பல்பு போதும். சூட்டு விளக்கு மட்டும் வேண்டாம், காய்ந்த கூளத்தின் மேல் அது ஒருமுறை விழுந்தால் கூண்டே மிஞ்சாது. நல்ல இறகுள்ள கோழி குளிரைத் தாங்கும், தாங்காதது ஈரத்தைத்தான். காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். கோழியின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், உடம்பின் மேல் வீசக் கூடாது.

தோட்டத்துக்கு வருவோம். பூசணியைத் தாராளமாக வெட்டிப் போடலாம், விதையோடு. பூசணி விதை குடல்புழுவை ஒழிக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விதை நல்ல தீனி, ஆனால் அதை மருந்தாக நம்பி எச்சப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சமையலுக்கு வைக்கும் பூசணியை உறைபனிக்கு முன்பே காம்போடு அறுத்து, பத்து நாள் 25 முதல் 29 டிகிரிச் சூட்டில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். பிறகு 10 முதல் 15 டிகிரியில், ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு ஒடிந்தது முதலில் அழுகும், அதை முதலில் சமைத்துவிடுங்கள். சொந்த விதையிலோ தானாகவோ முளைத்த கொடியில் காய்த்த பூசணியானால், சமைக்கும் முன் ஒரு பச்சைத் துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து உமிழுங்கள். கசந்தால் முழுக் காயையும் குழியில் போடுங்கள். அலங்காரப் பூசணியோடு மகரந்தம் கலந்து வரும் அந்தக் கசப்பு விஷம், வேகவைத்தாலும் போகாது. கோழிக்கும் வேண்டாம்.

உருளைக்கிழங்குச் செடி, பச்சை ஏறிய கிழங்கு, முளைவிட்ட கிழங்கு மூன்றையும் கோழிக்குப் போடக் கூடாது. சொலனின் நஞ்சு அவற்றில் உண்டு. தக்காளியில் பழுத்த பழம் சரி, இலையும் தண்டும் பச்சைக் காயும் வேண்டாம். பச்சைத் தக்காளியை வீணாக்கவும் தேவையில்லை. முழு அளவு பெருத்து நிறம் வெளுக்கத் தொடங்கியவை, வீட்டுக்குள் ஒரு பெட்டியில் பழுத்த ஆப்பிளோ வாழைப்பழமோ துணைக்கு வைத்தால் தானே பழுக்கும். வெயில் தேவையில்லை.

காய்ந்த அவரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வேகாத அவரை விதையில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மா வகையில், லெக்டின் என்ற நஞ்சு உண்டு. கோழிக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு மெத்தென்று வேகவையுங்கள். இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வேகும் மின்பாத்திரத்தில் ஊறிய அவரையை நேராகப் போடுவது ஆபத்து. அந்தச் சூடு நஞ்சை முறிக்காது. பூசணம் பூத்த ரொட்டி, தானியம் எதுவும் யாருக்கும் வேண்டாம்.

அறுவடை முடிந்த பாத்தியில் கோழிகளை இறக்கிவிடுங்கள். நத்தை, புழு, களை விதை எல்லாம் பொறுக்கும், இறகுக்கு வேண்டிய புரதம் இலவசம். ஆனால் இந்தப் பருவத்தில் பூண்டு நட்டிருப்பீர்கள். அந்தப் பாத்தியை வலை போட்டு மூடாவிட்டால், ஒரே காலையில் மொத்தப் பூண்டும் மேலே கிடக்கும். உதிர்ந்த இலையை உலர்த்தி, நொறுக்கிக் கூண்டுக்குள் ஆழ்கூளமாக, அதாவது தடித்த படுகையாகப் பரப்பலாம். முழு இலையை ஈரத்தோடு போட்டால் பாய் போல ஒட்டிக்கொண்டு அம்மோனியா நாறும். எடுத்த கூளத்தை மட்கவைத்தே போடுவது நல்லது. பச்சையாகப் போட்டால், மண்ணைத் தொடும் காய்கறியை அறுப்பதற்குக் குறைந்தது 120 நாள் முன்பே மண்ணில் கலந்திருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் போட்டால் அந்தக் கணக்கு வசதியாகச் சரியாகிவிடும்.

அடுத்த வருட முட்டைக்கு என் பதில் உறைபெட்டிதான். கோடையில் மிஞ்சுவதை உடைத்து, நுரைக்காமல் கலக்கி, ஐஸ் தட்டுக் குழிகளில் ஊற்றி உறையவைத்துப் பையில் கட்டுங்கள். ஒரு வருடம் தாங்கும். மஞ்சள் கருவைத் தனியாக வைத்தால் கெட்டிப்பட்டுவிடும் என்பதால் ஒரு சிட்டிகை உப்போ சர்க்கரையோ சேருங்கள். ஓட்டோடு உறையவைத்தால் வெடிக்கும். சுண்ணாம்பு நீரில் முட்டையை மாதக்கணக்கில் ஊறவைக்கும் பழைய முறை இப்போது மறுபடி பிரபலம். உறைபெட்டி இருக்கும் வீட்டில் அந்தத் துணிச்சல் எதற்கு என்பது என் கட்சி. தண்ணீரில் போட்டால் மிதக்கும் முட்டை பழையது என்பது உண்மை, ஏனென்றால் உள்ளே காற்றறை பெருத்திருக்கும். ஆனால் மூழ்கும் முட்டையில் கிருமி இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

வால் இறகு நீண்டு, கொண்டை மறுபடி ரத்தச் சிவப்பாகி, கோழி முட்டைப் பெட்டிக்குள் தலையை நீட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கும். அன்றைக்குப் பழைய முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறி, கிளிஞ்சல் கிண்ணத்தை நிரப்புங்கள். முதல் ஓரிரண்டு முட்டை ஓடு மெலிந்து வந்தால் கவலைப்பட வேண்டாம்.