கரைசல் ஒளியைத் திருப்பினால் பிரிந்துவிட்டதாக ஆகாது

கேள்வி: பைநால் என்ற சேர்மத்தின் இடக்கை, வலக்கை வடிவங்களைப் பிரிக்கப் பார்க்கிறேன். கிராஃபீன் ஆக்சைடுப் பொடியில் (ஆக்சிஜன் சேர்ந்த கார்பன் படலம்) சுருள் பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைச் சேர்த்து, ரேசிமிக் பைநால் (இரு வடிவங்களும் சமமாகக் கலந்தது) கரைத்த டிஎச்எஃப் என்ற கரைப்பானில் போட்டுக் கலக்கினேன். வடிகட்டிய கரைசல் போலாரிமீட்டரில் (ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் கருவி) சுழற்சி காட்டுகிறது. இரு வடிவங்களையும் தனித்தனியே காட்டும் கைரல் எச்பிஎல்சியிலோ இரண்டு பீக்கும் சமமாக வருகின்றன. எதை நம்புவது?
– ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: எச்பிஎல்சியை நம்புங்கள். பைநால் பிரியவில்லை. பெரும்பாலும் பாலிமர்தான் கழன்று கரைசலில் கலந்திருக்கிறது.

தூய பைநாலின் ஒளிச்சுழற்சி டிஎச்எஃப்பில் சுமார் 35 பாகை. ஒரே கைப்பக்கம் சுருண்ட பாலிஅசிட்டிலீனுக்கோ அது நூற்றுக்கணக்கில் போகும். கரைந்த பாலிமர் வடிதாளில் நிற்காது. துளி கலந்தாலும் போலாரிமீட்டர் ஏமாந்துவிடும். அதனால் பைநால் இல்லாத வெறும் டிஎச்எஃப்பில் உங்கள் பொருளை ஓர் இரவு கலக்கி, வடிகட்டி, சிடி (கைப்பக்கம் உள்ள மூலக்கூறைக் காட்டும் நிறமாலை) பாருங்கள். சிக்னல் வந்தால் பாலிமர் ஒட்டவே இல்லை, மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படிந்திருந்தாலே போதும் என்ற இடமும் உண்டு. பாலிமரைக் கரைக்காத கரைப்பானில் மட்டும் வேலை செய்தால் பிணைப்பு தேவையில்லை. சிலிக்கா மேல் செல்லுலோஸ் கார்பமேட் பூசிய பழைய கைரல் காலம்கள் (எச்பிஎல்சியில் பிரிக்கும் குழாய்கள்) ஹெக்சேன், ஐசோபுரொப்பனாலில் ஆண்டுக்கணக்கில் ஓடின. அதே குழாயில் டிஎச்எஃப்போ குளோரோஃபார்மோ போனால் பூச்சு கரைந்து குழாய் பாழ். பிணைத்த வகைக் குழாய்கள் வந்ததே அதனால்தான். நீங்கள் டிஎச்எஃப்பை விட முடியாதென்றால் இந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. முதலில் ஆக்சைடின் அமிலக் குழுக்களில் புரொப்பார்ஜில் அமீனை அமைடாகக் கட்டி, அப்புறம் அந்த அமீனின் முப்பிணைப்பு முனையையும் சேர்த்துப் பாலிமராக்குங்கள்.

அதற்கு நீங்கள் வாங்கிய ஆக்சைடுப் பொடியில் அமிலக் குழுக்கள் இருக்க வேண்டுமே! சந்தையில் நடப்பது அநியாயம். 60 நிறுவனங்கள் விற்ற கிராஃபீனைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதம்கூட இல்லை. மீதி கிராஃபைட் தூள். இடைத்தரகர் தரும் சான்றிதழில் வேறெங்கோ எடுத்த அழகான படம் இருக்கும். நம் கொள்முதல் விதிகளோ குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்று நிற்கின்றன. மாணவர்களின் ஓராண்டு உழைப்பு போவது எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை.

பொடி வந்ததும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர் விளிம்பு வளைவுச் சோதனை) எடுங்கள். நல்ல கிராஃபீன் ஆக்சைடுக்குச் சுமார் 10, 11 பாகையில் பீக் வரும். 26.5-இல் கூர்மையாக நின்றால் அது கிராஃபைட். பில்லில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.