குழாயோடு வீடு வந்த குழந்தை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 16 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். அங்கிருந்து குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போன குடும்பங்களிடம், மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை, மற்றதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சிஸ்டர், என் மகன் 28 வாரத்தில் பிறந்தான். இப்போது 6 மாதம். இன்னும் குப்புற விழவில்லை. இவனோடு பிறந்த குழந்தைகள் உட்காரவே ஆரம்பித்துவிட்டார்கள்.

அவன் 12 வாரம் முன்னால் வந்துவிட்டான் அல்லவா? அதைக் கழித்தால் அவன் வயது மூன்று மாதம் சொச்சம்தான். வளர்ச்சியைப் பார்க்க இந்தத் திருத்திய வயதையே எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வயது வரைக்கும். மூன்று மாதக் குழந்தை குப்புற விழாததில் கவலைப்பட ஒன்றுமில்லை. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது, அது பிறந்த தேதிப்படிதான். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. விரல்கள் எப்போதும் இறுக மூடியே இருக்கின்றனவா? ஒரு கையை மட்டும்தான் நீட்டுகிறானா? ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையைப் பயன்படுத்தினால் "இடது கைப் பழக்கம்" என்று விட்டுவிடக் கூடாது. மறு கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

மகளுக்கு மூக்குக் குழாய் வழியாகத்தான் பால். சப்புவதையே மறந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

பயம் நியாயமானதுதான், ஆனால் கையில் வழி இருக்கிறது. பால் இறங்கும் நேரத்தில் அவளைப் படுக்கையில் விடாமல் மடியில் தலை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் சூப்பானையோ (பேசிஃபயர்), நன்றாகக் கழுவிய உங்கள் விரலையோ சப்பக் கொடுங்கள். வாய் அசைவதும் வயிறு நிறைவதும் சேர்ந்தே நடப்பவை என்று அவள் உடம்பு பழகும். அப்புறம் ஒன்று. இந்தக் குழந்தைகளின் முகத்துக்கு அருகே வரும் கை பெரும்பாலும் பிளாஸ்டர் ஒட்ட வரும், இல்லையென்றால் உரிக்க வரும். அதனால் எந்தக் கை வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு காரியமும் இல்லாமல், சும்மா கன்னத்தைத் தடவ மட்டும் உங்கள் கை நாளுக்குப் பல தடவை போகட்டும்.

விரலில் பால் தொட்டு வைக்கலாமா என்றால், விழுங்குதலைப் பரிசோதித்தவர் சரி என்று சொன்ன பிறகுதான். சில குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பாலுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரப்பதும், சளிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருவதும் அதன் அடையாளங்கள். ஒவ்வொரு தடவையும் பால் விடுமுன் குழாயில் மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் கொடுத்திருந்தால், குழாயிலிருந்து உறிஞ்சிய நீரை அதில் வையுங்கள். குழாய் வயிற்றில்தான் இருக்கிறது என்பதற்கு 5.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் பால் விடாதீர்கள்.

7 மாதக் குழந்தை. தூங்கி எழுந்ததும் தலையை முன்னால் குனிந்து இரண்டு கையையும் விரிக்கிறாள். சில நொடி விட்டு மறுபடியும். வீட்டில் வயிற்று வலி என்கிறார்கள். அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம்.

அடுத்த வாரம் வேண்டாம் தம்பி, இன்றைக்கே போங்கள். இது குழந்தைப் பருவ வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள், தூங்கி எழும் நேரத்தில், கொத்துக் கொத்தாக வரும். வெட்டி இழுக்காததால் யாருக்கும் இது வலிப்பாகத் தோன்றாது. நாள் தள்ளத் தள்ள மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அடுத்த முறை வரும்போது கைபேசியில் வீடியோப் படம் பிடியுங்கள், அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் முன்னால் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் படம் பேசும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

இந்த நோயை முதன்முதலில் விவரித்தவர் இங்கிலாந்தில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர். 1841இல் 'லான்செட்' இதழுக்கு அவர் எழுதிய கடிதம் தன் சொந்த மகனைப் பற்றியது. மற்ற மருத்துவர்களிடம் உதவி கேட்டு எழுதினார். அன்றைக்கு மருந்து இல்லை, இன்றைக்கு இருக்கிறது. ஒரு தகப்பன் கூர்ந்து பார்த்ததில்தான் இந்த நோயே தெரியவந்தது. "சும்மா பயப்படுகிறாய்" என்று யார் சொன்னாலும் நீங்கள் பார்த்ததை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஐந்து மருந்து கொடுக்கிறோம், குழம்புகிறது.

மருந்தின் பெயர், மி.கி., மி.லி., பாட்டிலில் உள்ள செறிவு (ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்பது), நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே பெயருள்ள சிரப் இரண்டு செறிவுகளில் வரலாம். "2 மி.லி." என்று மட்டும் எழுதியிருந்தால் பாட்டில் மாறும் அன்று அளவு இரட்டிப்பாகிவிடும். கரண்டி வேண்டாம், ஊசியில்லாச் சிரிஞ்சு போதும். வலிப்பு மருந்தைத் தீர்ந்துபோக விடவே கூடாது.

பேரனுக்கு டவுன் சிண்ட்ரோம் கண்ணு. என் மகள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?

எதுவும் சொல்ல வேண்டாம் அம்மா. ஒரு வேலையை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பாலூட்ட, மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டால் அவள் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் தூங்கலாம். அவளுக்கு இப்போது அதைவிடப் பெரிய ஆறுதல் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை ஓயவில்லை என்றால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொன்னால், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அது அவள் மனத்திடம் பற்றிய விஷயம் இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் நோய். பேரனுக்கு இதய எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்தார்களா என்று கேளுங்கள். இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் மூளைப் பாதிப்பு என்றார்கள். இவள் நடப்பாளா?

ஸ்கேன் படத்தை மட்டும் வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே மாதிரிப் படம் உள்ள இரண்டு குழந்தைகள் வேறு வேறு விதமாக வளர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். பயிற்சி தரும் தெரபிஸ்டிடம் "அடுத்த மூன்று மாதத்தில் எதற்கு முயல்கிறோம்?" என்று கேளுங்கள். பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்கி இருவரும் களைத்துப்போக வேண்டாம். துணி மாற்றும்போது, குளிப்பாட்டும்போது, தூக்கும்போது எப்படிப் பிடிப்பது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். அவள் எதைப் பார்த்தால் சிரிக்கிறாள், யார் குரலுக்குத் திரும்புகிறாள் என்பதையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைக் காட்டித்தான் அவளைக் கை நீட்ட வைக்க முடியும்.